கடல் கடந்த தண்டனை: சின்ன மருதுவின் மகன் துரைசாமி

1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 15 வயதினனாகிய சின்ன மருதுவின் மகன் துரைசாமி தூக்கிற்குத் தப்பினான், ஆயின் நாடுகடத்தப்பட்டான். 1802 பிப்ரவரியில், சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்ளிட்ட கிளர்ச்சியாளர் எழுபதின்மருக்கும் மேற்பட்டோருடன் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டான். அக்கைதிகளைக் காவல்காத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். முன்னர்ச் சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றவர். 1818இல் பினாங்கில் துரைசாமியைக் கண்டபோது தம்மால் அடையாளம் காண இயலவில்லை என, 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் அவர் பதிவுசெய்கிறார். முப்பதைச் சற்றே கடந்தவன் தளர்ந்த முதியவனாகத் தோன்றினான். இத்தண்டனை ஓர் உடலில் விளைவித்ததை, அதனை நிறைவேற்றிய அதிகாரியின் எழுத்துவழியே நாம் அறிகிறோம். சான்றின் இவ்வரம்பை ஆய்வாளர் மனங்கொள்ளல் வேண்டும்.