தானாக மாறும் 'பிராக்சி': கடைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கள்ளத் தரகன்



சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். விருதுநகரில் எமது கடை வாசலில் கொல்லத்துக்குப் புறப்பட வேண்டிய லாரி நிற்கிறது. மிளகாய் வற்றலும் மல்லியுமாக அறுபது மூடை ஏற்றித் தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. மதிப்பு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். இ-வே பில் கையில் இல்லாமல் வண்டி நகர முடியாது. உள்ளே பில் போடும் தம்பி கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார். எந்தத் தளமும் திறக்கவில்லை. 'பிராக்சி சர்வருடன் தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று ஒரே பாட்டு.

"அண்ணாச்சி, பில் ஆச்சா? இருட்டுறதுக்குள்ள செங்கோட்டை தாண்டணும்" என்று டிரைவர் மூன்று முறை வந்து கேட்டுவிட்டார்.

இண்டர்நெட் லைன் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அதே வைஃபையில் என் செல்போன் நன்றாக வேலை செய்தது. கடைசியில் செல்போனிலேயே இ-வே பில் போட்டு வண்டியை அனுப்பினோம். பிறகு மெக்கானிக் வந்தார். ஏதோ ஒரு சுவிட்சை அணைத்தார். எல்லாம் வேலை செய்தது. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை கடை திறந்தால் பழையபடி அதே பாட்டு. அந்தச் சுவிட்ச் தானாகவே மறுபடி ஏறியிருந்தது. இப்படி மூன்று நாள். நான்காம் நாள்தான் உண்மை தெரிந்தது: நாங்கள் அணைத்தது சுவிட்சை; அதை மறுபடி மறுபடி ஏற்றும் கை கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

இந்தத் தொல்லை நமது உறுப்பினர் எவருக்கும் வரலாம் என்பதால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பிராக்சி என்பவர் யார்?

நமது தொழிலில் தரகர் இருக்கிறார் அல்லவா? வாங்குபவரும் விற்பவரும் நேரில் பேசாமல் தரகர் வழியாகப் பேசுவது போல, நமது கம்ப்யூட்டர் இண்டர்நெட்டோடு நேரே பேசாமல் நடுவில் ஒருவர் வழியாகப் பேசினால், அந்த நடுவரே பிராக்சி. நல்ல பிராக்சியும் உண்டு. பெரிய அலுவலகங்களும் கல்லூரிகளும் தங்கள் வசதிக்காக வைத்திருக்கும். ஆகவே பிராக்சி என்ற சொல்லைக் கண்டவுடன் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சாதாரணமாக ஒரு மளிகைக் கடைக்கோ மொத்தக் கடைக்கோ அது தேவையே இல்லை. நாம் வைக்காத தரகர் நமது கடையில் இருந்தால், அவரை யார் வைத்தார்கள், யாருக்காக வேலை செய்கிறார் என்று கேட்டே ஆகவேண்டும்.

வேண்டாத சாப்ட்வேர் ஒன்று உள்ளே நுழைந்ததும் செய்கிற காரியம் இதுதான். பிராக்சி முகவரி என்ற இடத்தில் தன் முகவரியை எழுதி வைத்துவிடுகிறது. பெரும்பாலும் அந்த முகவரி '127.0.0.1' என்று இருக்கும். இது வெளியூர் முகவரி அல்ல. எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத் தானே குறிக்கப் பயன்படுத்தும் எண். அதாவது தரகன் நமது கடைக்குள்ளேயே கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று பொருள். அதன் பிறகு நாம் எந்தத் தளத்துக்குப் போனாலும் அவன் வழியாகத்தான் போகிறோம். இடையிடையே விளம்பரத்தைச் செருகுவான். நாம் தேடியது ஒன்றிருக்க வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடுவான். எங்கெங்கே போகிறோம் என்று குறித்துக்கொள்வான்.

இன்னொரு விந்தையும் உண்டு. சில சமயம் வைரஸ் தடுப்பு சாப்ட்வேர் அந்தக் கள்ளத் தரகனைப் பிடித்து அழித்துவிடும். ஆனால் அவன் எழுதிவைத்த முகவரி மட்டும் அப்படியே நிற்கும். ஆள் இல்லாத தரகரிடம் கம்ப்யூட்டர் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கொண்டே இருக்கும். அப்போதுதான் 'இண்டர்நெட்டே வரவில்லை' என்ற நிலை. இப்படியானால் சுவிட்சை ஒருமுறை அணைத்தாலே போதும், திரும்ப வராது. அணைத்தும் திரும்பத் திரும்ப வந்தால், ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பூட்டுப் படம் இருந்தால் போதுமா?

பாங்கித் தளத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று கேட்கலாம். பொதுவாக அது சரிதான். பூட்டிய தளத்தில் நாம் எழுதுவதை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால் கள்ளச் சாவி ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே சேர்த்துவிட்டால் கதை மாறிவிடும். தளங்களின் உண்மையை உறுதி செய்யும் சான்றிதழ்ப் பட்டியல் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் தன் சான்றிதழையும் நுழைத்துவிட்டால், பூட்டுப் படத்தைக் காட்டிக்கொண்டே நடுவில் படிக்கலாம்.

இது கற்பனை அல்ல. லெனோவோ நிறுவனம் 2014ஆம் ஆண்டில் விற்ற சில லேப்டாப்புகளில், விளம்பரம் காட்டுவதற்காக 'சூப்பர்ஃபிஷ்' என்ற சாப்ட்வேர் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. அது இப்படித்தான் நடுவில் புகுந்து, தன் சான்றிதழையும் சேர்த்து வைத்திருந்தது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியானது. அந்தச் சாவியை மற்றவர்களும் கண்டுபிடித்துப் பயன்படுத்த முடியும் என்பதும் அப்போது தெரிந்தது. 2017இல் அமெரிக்காவில் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். புதுப் பெட்டியிலேயே இப்படி நடந்திருக்கிறது என்றால், கண்ட இடத்தில் இறக்கிய இலவச சாப்ட்வேரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

எப்படி உள்ளே வந்தது?

எங்கள் கடையில் விசாரித்தபோது தெரிந்தது. பாங்கி ஸ்டேட்மெண்ட் பி.டி.எஃப் ஆக வருகிறது. அதை எக்செல் ஆக மாற்றப் பில் போடும் தம்பி இலவச சாப்ட்வேர் ஒன்றை இறக்கியிருக்கிறார். போடும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஒன்றோடு இன்னும் இரண்டு சேர்ந்து இறங்கிவிட்டன. அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் செய்தார். முறை சொல்லிக் கொடுக்காதது என் தவறு.

இது தவிர, விலை கொடுக்காமல் பூட்டுடைத்துப் போடும் கணக்கு சாப்ட்வேர் மூலமாகவும், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். உடனே இதைப் போடுங்கள்' என்று திடீரென்று வரும் பயமுறுத்தல் மூலமாகவும், பிரவுசரில் சேர்க்கும் சின்னச் சின்ன இணைப்புகள் மூலமாகவும் இவை நுழைகின்றன. கணக்கு சாப்ட்வேருக்கு மிச்சம் பிடித்த பணம் பாங்கிக் கணக்கிலிருந்து போய்விடக் கூடாது.

சரி செய்யும் வரிசை

வரிசைதான் இங்கே முக்கியம். முதலில் ஆளை வெளியேற்ற வேண்டும், பிறகுதான் சுவிட்ச். கீழ்க்கண்டவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். சொற்கள் சற்று மாறியிருக்கலாம்.

1. அந்தக் கம்ப்யூட்டரில் பாங்கி வேலை, ஜி.எஸ்.டி. வேலை இரண்டையும் உடனே நிறுத்துங்கள். அவசரம் என்றால் செல்போனில் முடியுங்கள்.

2. கணக்கு டேட்டாவைத் தனி பென் டிரைவில் பேக்கப் எடுத்து, பென் டிரைவைக் கழற்றி வையுங்கள். டேட்டா மட்டும் போதும். சாப்ட்வேர் ஃபைல்களை அதில் சேர்க்க வேண்டாம்.

3. 'செட்டிங்ஸ்' திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட்' பகுதியில் 'பிராக்சி' என்பதைப் பாருங்கள். அங்கே உள்ள முகவரியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எதையும் மாற்ற வேண்டாம். மெக்கானிக்குக் காட்ட இது உதவும். ஏதாவது கம்பெனி அல்லது ஏஜென்சி தன் வேலைக்காக அந்த முகவரியைப் போட்டுக் கொடுத்ததா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

4. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்' சென்று, போட்ட தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை ஆரம்பித்த நாளை ஒட்டி வந்தவற்றைப் பாருங்கள். நமக்குத் தெரியாத பெயர் இருந்தால், பில் போடுபவரையும் கணக்கரையும் கேட்டுவிட்டு நீக்குங்கள். எங்கள் தொல்லையின் வேர் இந்தப் பட்டியலில்தான் கிடைத்தது; ஒரே நாளில் மூன்று பெயர்கள் இருந்தன.

5. பிரவுசரில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து, நாம் சேர்க்காதவற்றை நீக்குங்கள். சில எக்ஸ்டென்ஷன்கள் தாமே பிராக்சியை மாற்றும்.

6. 'கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பட்டியலில், கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுபவை தெரியும். அடுத்து 'டாஸ்க் ஷெட்யூலர்'. குறித்த நேரத்தில் தானாக நடக்கும் வேலைகள் அங்கே இருக்கும். சாப்ட்வேரை நீக்கிய பின்னும் சுவிட்ச் காலையில் மறுபடி ஏறியதற்கு எங்கள் கடையில் காரணம் இங்கே விட்டுப்போன ஒரு கட்டளைதான். இந்த இடத்தில் தெரியாமல் கை வைக்க வேண்டாம். தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. விண்டோஸ் உடன் வரும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். பிறகு 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்' ஸ்கேன் ஓட்டுங்கள். இது விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிப்பதால், ஒளிந்துகொள்பவையும் அகப்படும். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் 'ஆட்வ்கிளீனர்' இலவசமாகக் கிடைக்கிறது. இத்தகைய விளம்பர சாப்ட்வேரைப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' மூலமும் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகத் தரப்படுகின்றன.

8. இப்போதுதான் மறுபடி 'பிராக்சி' பக்கம். 'யூஸ் எ பிராக்சி சர்வர்' என்பதை அணையுங்கள். 'யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்' என்பதும் ஏறியிருந்தால் அதையும் அணையுங்கள்; பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 'ஆட்டோமேட்டிகலி டிடெக்ட் செட்டிங்ஸ்' என்பது இயல்பாக இருப்பது; அதை அப்படியே விடலாம். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் செட்டிங்ஸையும் தனியே பார்க்க வேண்டும். குரோம், எட்ஜ் இரண்டும் விண்டோஸில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும்.

9. கம்ப்யூட்டரை அணைத்து இருமுறை போட்டுப் பாருங்கள். மறுநாள் காலையும் பாருங்கள். இரண்டு மூன்று நாள் மாறாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள். மெக்கானிக்குக் கூலி கொடுப்பதையும் அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால் நல்லது!

10. கடைசியாக பாஸ்வேர்டுகள். பாங்கி, ஜி.எஸ்.டி., இ-வே பில், இ-மெயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சுத்தம் செய்யும் முன் அதே கம்ப்யூட்டரில் மாற்றினால், புதுச் சாவியையும் திருடன் கையிலேயே கொடுத்தது போல. செல்போனிலோ வேறு நல்ல கம்ப்யூட்டரிலோ மாற்றுங்கள். சான்றிதழ்ப் பட்டியலில் புதிதாக ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தும் திரும்ப வருமானால் வீண் செலவு செய்துகொண்டிருக்க வேண்டாம். பேக்கப் சரியாக இருக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதே மேல். அரை நாள் வேலை கெடும், ஆனால் நிம்மதி.

இனி வராதிருக்க

பில் போடும் கம்ப்யூட்டரைப் பில்லுக்கும் பாங்கிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்ப்பதும் பாட்டு இறக்குவதும் அதில் வேண்டாம். பணியாளர்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு கொடுங்கள். பிராக்சி சுவிட்சை அந்தக் கணக்கிலும் மாற்ற முடியும் என்பதால் இது முழுக் காவல் அல்ல. என்றாலும் சாப்ட்வேர் ஆழமாக வேர்விடுவதைத் தடுக்கும். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய பெட்டியில் பாங்கி வேலை பார்ப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

'உங்கள் கம்ப்யூட்டரைச் சரி செய்கிறோம்' என்று தாமாகப் போன் செய்பவர்களிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்க வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசி, பாங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கை மாறுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

எடைக் கற்களைக் குறித்த காலத்தில் முத்திரை போட்டு வைக்கிறோம். கல்லாவை ஒவ்வோர் இரவும் எண்ணிப் பூட்டுகிறோம். இன்று நமது கல்லாவின் பாதி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. வாரம் ஒருமுறை அந்தப் பிராக்சி பக்கத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அணைத்த சுவிட்ச் தானாக ஏறியிருந்தால், மறுபடி அணைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடாதீர்கள். ஏற்றிய கையைத் தேடிப் பிடியுங்கள்.