புகை சொல்லும் ஜாதகம்

பி.காம். படித்தவனுக்கு லாரி என்றால் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தேய்மானம்! வருஷா வருஷம் 30 சதவிகிதம் கழித்துக்கொண்டே வந்தால், 10 லட்ச ரூபாய் லாரி பத்தாவது வருஷ முடிவில் பேலன்ஸ் ஷீட்டில் சுமார் 28 ஆயிரம். அதாவது, ஒரு சுமாரான செல்போன்.

அந்தச் 'செல்போன்'தான் ராத்திரி 10 டன் சிமெண்ட்டை ஏற்றிக்கொண்டு அரியலூரிலிருந்து கிளம்புகிறது. அதை நம்பி ஒரு டிரைவர், ஒரு கிளீனர், இரண்டு குடும்பங்கள், பாக்கி நிற்கும் டியூ. கணக்குப் புத்தகம் கைகழுவிய லாரியை எது ஓட வைக்கிறது என்று தெரிந்துகொள்ள நாமக்கல் பக்கம் போனேன். லாரிக்கு பாடி கட்டுவதில் இந்தியா பூராவும் பேர் வாங்கிய ஊர். கூடவே வந்தார் சொந்த லாரி வைத்திருக்கும் என் பெரியப்பா மகன். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் வீட்டுப் பத்திரம்!

விஷயம் இதுதான். லாரி கரும்புகை கக்குகிறது, மேடு ஏறத் திணறுகிறது. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். "இன்ஜினைப் பிரிச்சாகணும். ரிங்கு, லைனர் எல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டார்கள், இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்காமல். அண்ணன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நல்லவேளை, வழியில் ஒரு பெரியவரின் பட்டறை. லுங்கி, காதில் பென்சில், காலடியில் ஒரு டிரான்சிஸ்டர். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் சைலன்ஸரைப் பார்த்தார்.

"புகைதான் தம்பி லாரியோட ஜாதகம். மூணு கலர் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் ஒழுகலாம், பம்ப் அளவு மாறியிருக்கலாம். நீலம் என்றால் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. ரிங்கு, வால்வு கைடு, டர்போ என்று தேட வேண்டும், செலவு உண்டு. வெள்ளை என்றால் எரியாத டீசல், இல்லாவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை வந்தால் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் வந்தால் பயப்படலாம்.

அண்ணன் லாரியில் வந்தது கறுப்பு. நீலம் துளியும் இல்லை. பிறகு எதற்கு ரிங்கு?

இங்கே ஒரு நிமிஷ விஞ்ஞானம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16, 17-ல் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் டீசலைப் பனி மாதிரி பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆக, தேவை மூன்றே மூன்று: காற்று, டீசல், அழுத்தம். இந்த மூன்றில் எது குறைகிறது என்று, செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவதுதான் மெக்கானிக்கின் மூளை. பெரியவர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். ஒரு தெருவே கொட்டியது! புதுசு போட்டதும் புகை பாதியானது. திணறல் மட்டும் போகவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற டீசல் பைப் நட்டை, பீய்ச்சலுக்குக் கையைக் காட்டாமல், ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கினார். முதல் மூன்றுக்கும் இன்ஜின் 'தடக் தடக்' என்று நொண்டியது. நாலாவதைத் தளர்த்தியபோது 'எனக்கென்ன' என்று அப்படியே ஓடியது. அதாவது நாலாவது சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது. (எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார்.)

குற்றவாளி நாசிலா, சிலிண்டரா? இன்ஜினை நிறுத்தி, மூணாவது நாசிலையும் நாலாவதையும் இடம் மாற்றினார். திரும்ப ஓடவிட்டு அதே சோதனை. இப்போது மூணாவது ஊமை!

"பார்த்தீங்களா, நோய் நாசிலோடவே நடந்து போயிருச்சு. நாலாவதுலயே தங்கியிருந்தா, அப்ப இன்ஜினைப் பிரிக்கலாம்."

புது நாசில் போட்டார். புகை அடங்கியது. அண்ணன் மஞ்சள் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூன்று டீ சொன்னார்.

பெரியவரிடம் தினசரி பாராயணமும் கேட்டு வாங்கினேன். பத்தே நிமிஷம்தான். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப் ஸ்டிக்கைப் பார். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினுக்கு சகஜம். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஸ்டார்ட் பண்ணாதே. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடு. ஏர் டேங்க்கைத் திறந்து தண்ணீரை வெளியேற்று. இன்ஜினை நிறுத்திவிட்டுக் காது கொடு: 'உஸ்' என்று சத்தம் வந்தால் பிரேக் காற்று எங்கோ கசிகிறது. ஏர் பிரஷர் ஏறாமல் வண்டியை நகர்த்தாதே.

பிரேக் பேச்சு வந்ததும் அவர் குரல் மாறியது. "இன்ஜின் போனா பணம் போகும். பிரேக் போனா ஆள் போகும்."

தருமபுரி - சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாய் அடிக்கடி செய்தியில் வருவதன் காரணங்களில் ஒன்றும் அதுதான். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவும். நியூட்ரலில் அத்தனை பாரமும் பிரேக் லைனிங் தலையில். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. லாபம் அரை லிட்டரோ, ஒரு லிட்டரோ. நஷ்டத்தை எந்த லெட்ஜரில் எழுதுவது?

ஒரு எச்சரிக்கை. நட்டைத் தளர்த்தும் வித்தையெல்லாம் பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 லாரிகளிலும், அதற்கு முந்தைய காமன் ரெயில் வண்டிகளிலும் டீசல் பைப்பில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம். அந்தப் பீய்ச்சல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். அங்கே ஸ்பேனருக்குப் பதில் ஸ்கேனர்தான்.

லாரியே இல்லாத உங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? உங்கள் ஸ்கூட்டருக்கும் இதே சட்டம்தான்: 'இன்ஜினைப் பிரிக்கணும் சார்' என்று யாராவது சொன்னால், 'சோதிச்சுப் பார்த்தீங்களா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அடுத்த தடவை சிக்னலில் ஒரு லாரி உங்கள் வெள்ளைச் சட்டையில் கரும்புகை அடித்தால், டிரைவரைத் திட்டாதீர்கள். "அண்ணே, ஏர் ஃபில்டரைப் பாருங்க" என்று கத்துங்கள். சட்டை வெளுக்காதுதான், ஆனால் யாரோ ஒருத்தரின் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.