மூக்குக் கண்ணாடியும் நிமிர்ந்த கழுத்தும்

மனித சரீரம் நிமிர்ந்து நிற்பதற்கு எலும்பும் தசையும் மட்டுமே ஆதாரம் என்று கருதிவிடலாகாது. உட்செவியின் சமநிலை உறுப்பும், பாதங்களிலும் மூட்டுகளிலும் பரவிய உணர்ச்சியும், கண்ணும் இடைவிடாது அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்தே மூளை உடலை நிலைநிறுத்துகிறது. இவற்றுள் கண்ணின் செல்வாக்கு எத்தகையது என்பதை, 1974-இல் டேவிட் லீயும் எரிக் ஆரன்சனும் விசித்திரமானதொரு பரிசோதனையால் காட்டினர். தரை அசையாதிருக்க, சுவர்களும் கூரையும் மட்டும் நகரும் அறையொன்றில், நிற்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தைகளை நிறுத்திச் சுவரை நகர்த்தியபோது, அவை தள்ளாடின. சில விழுந்தே விட்டன.

அப்படியானால் கண்ணுக்கு முன் மாட்டும் கண்ணாடி உடலின் நிலையை மாற்றுமா? மாற்றும் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1959-இல் பிரான்சில் பெர்னார் மெத்தனாஸ் வாரிலக்ஸ் என்ற பெயரில் வெளிக்கொணர்ந்த புரோகிரசிவ் லென்ஸில், தூரப்பார்வைக்குரிய பகுதி மேலேயும் படிப்பதற்குரியது கீழேயும் அமைந்திருப்பதால், அதை அணிந்து கம்ப்யூட்டர் முன் அமர்பவர், திரையைத் தெளிவாகக் காணும் பொருட்டு மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்தபடியே பொழுதைக் கழிக்கிறார். தைலம் தடவியும் ஆறாத, இதனால் வரும் கழுத்துவலி, திரையின் தூரத்திற்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொண்டால் தணிவதுண்டு.

இதனினும் நுட்பமானது பிரிசம் எனப்படும் பட்டகக் கண்ணாடி. ஒரு பட்டக டயாப்டர் வலுவுள்ள பட்டகம், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளை ஒரு சென்டிமீட்டர் விலகியிருப்பதாகக் காட்டும். பிறவியிலேயே விழிகள் ஓயாது ஆடும் குழந்தைகளுள் சிலருக்கு, ஏதேனுமொரு பக்கமாகப் பார்க்கையில் அவ்வாட்டம் குறைவதால், அவர்கள் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பதையே வழக்கமாக்கிக்கொள்கின்றனர். இரு கண்களுக்கும் ஒரே திசையில் பட்டகத்தை அமைத்துக் காட்சியையே அப்பக்கம் நகர்த்திவிட்டால், தலை தானாகவே நேராகத் திரும்புகிறது.

இந்த வெற்றியைக் கண்டு, கண்ணில் குறையற்றவரின் கூனையும் முதுகுவலியையும் பட்டகத்தாலேயே நீக்கிவிடலாம் என்று சொல்வோர் இருக்கின்றனர். லிஸ்பன் நகர வைத்தியர் மார்ட்டின்ஸ் ட குன்யாவின் வழிவந்தோர் இக்கொள்கையில் உறுதி மிக்கவர்கள்; உறுதிக்கு ஈடான ஆதாரம்தான் போதவில்லை. மேலும், பட்டகத்தை அணிந்து பொருள்களை எட்டிப் பிடிப்பவரின் கை முதலில் குறி தவறினாலும், சிறிது நேரத்திற்குள் மூளை அவ்விலகலைக் கணக்கிட்டுச் சரிசெய்துகொள்வது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸின் காலந்தொட்டே அறியப்பட்ட விஷயம். இவ்வளவு சீக்கிரம் பழகிப்போகும் மூளையை வைத்துக்கொண்டு முதுகெலும்பை நிரந்தரமாக நிமிர்த்த எண்ணுவது எனக்கு அதீத நம்பிக்கையாகவே படுகிறது.

ஆனால் சதா ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கும் பிள்ளையை அதட்டுவதற்கு முன், கண் வைத்தியரிடம் காட்டுவது உசிதம்; விழித்தசையின் பலவீனமும் அதற்கொரு காரணமாகலாம். போகும்போது பழைய போட்டோக்களையும் எடுத்துச் செல்லலாம்; சாய்வு எந்த வயதில் தொடங்கியது என்பதை வைத்தியர் அவற்றிலிருந்து கண்டுகொள்வார்.