14 நாள் சரி, எந்த நாளிலிருந்து?

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும்போது "ரத்தத்துல பூஞ்சை வந்திருக்கு"ன்னு டாக்டர் சொன்னா, தலையில் ஏற்படும் தொற்று மாதிரி ஏதோ சின்ன விஷயம்னு நினைச்சிடாதீங்க. இது பெரும்பாலும் கேண்டிடா. நம்ம வாயிலும் குடலிலும் சும்மா இருக்கிற பூஞ்சைதான். வயிற்றில் ஆபரேஷன், நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக், பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன்னு இருக்கிறவங்களுக்கு அது ரத்தத்துக்குள்ள போயிடலாம். போனால், சுமார் பத்தில் நாலு பேர் பிழைப்பதில்லை.

சளியில் கேண்டிடா வந்தால் பல நேரம் மருந்தே தேவைப்படாது. ப்ளட் கல்ச்சரில் ஒரே பாட்டிலில் வந்தாலும் விடக்கூடாது.

என்ன செய்யணும்னு அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2016இல் தெளிவா எழுதி வெச்சிருக்கு. முதலில் ஃப்ளூகோனசோல் இல்லை, காஸ்போஃபஞ்சின் வகை மருந்து, டிரிப்பில். (கேண்டிடா ஆரிஸ்னு 2009இல் ஜப்பானில் அடையாளம் கண்ட இனத்துக்கு ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் வேலை செய்யாது.) மருந்தைத் தொடங்குறதோட வேலை முடியலை. லைனை முடிந்தவரை சீக்கிரம் எடுக்கணும். தினமும், இல்லைன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள், திரும்பத் திரும்ப கல்ச்சர் எடுக்கணும். முதல் வாரத்துக்குள் கண் டாக்டர் வந்து பார்க்கணும். எல்லோருக்கும் கண் பரிசோதனை தேவையில்லைன்னு அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சொல்றாங்க. ஆனால் வென்டிலேட்டரில் இருக்கிறவர் "பார்வை மங்குது"ன்னு எப்படிச் சொல்வார்? என் ஓட்டு பரிசோதனைக்குத்தான்.

இதையெல்லாம் சரியா செஞ்சாங்களான்னு பார்க்க, 2018இல் ஐரோப்பிய நிபுணர்கள் ஒரு மார்க் ஷீட்டே போட்டாங்க. பேரு ஈக்குவல் கேண்டிடா ஸ்கோர். லைன் இருக்கிற நோயாளிக்கு 22, இல்லாதவருக்கு 19.

இப்போ அந்த 14 நாள். மருந்து 1ஆம் தேதி ஆரம்பம். 2, 4ஆம் தேதி கல்ச்சரில் இன்னும் பூஞ்சை. 6ஆம் தேதி எடுத்ததில் இல்லை. 14 நாளை 6இலிருந்து எண்ணணும், அதுவும் ரத்தம் எடுத்த தேதி. ரிசல்ட் வந்த தேதி இல்லை. 1இலிருந்து எண்ணினால் அஞ்சு நாள் மருந்து குறையும். நடுவில் கல்ச்சரே எடுக்கலைன்னா எங்கிருந்து எண்ணுவாங்க?

அதனால உங்க வீட்டு ஆள் உள்ளே இருந்தா, ரவுண்ட்ஸ் நேரத்தில் இதை மட்டும் கேளுங்க: "டாக்டர், முதல் நெகட்டிவ் கல்ச்சர் எந்தத் தேதி எடுத்தது?"