மெய்ப்பாடும் திரைக்கதையும்: தொடக்கநிலை மாணவர்க்கு ஒரு மொழிநிலை விளக்கம்

1. முன்னுரை

கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றை எழுதப் பயின்ற மாணவர் திரைக்கதை எழுத முற்படும்போது எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு கற்பனை சார்ந்ததன்று, மொழி சார்ந்தது. புதினத்தின் தொடர் வாசகரின் உள்ளத்தில் சென்று முடிகிறது. திரைக்கதையின் தொடரோ இயக்குநர், ஒளிப்பதிவாளர், நடிகர், கலை இயக்குநர், ஒலிப்பதிவாளர் ஆகிய பலரின் செயலாக மாறவேண்டும். ஆகவே திரைக்கதையைக் காட்சியாலும் ஒலியாலும் பெயர்க்கப்படவிருக்கும் மூலபாடம் எனக் கொள்ளலாம். ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை ஒரு மொழிக்குள் நிகழ்வது, இரு மொழிகளிடையே நிகழ்வது, ஒரு குறியமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு நிகழ்வது என மூவகைப்படுத்தினார். திரைக்கதை இவற்றுள் மூன்றாம் வகைக்கு உரியது. இந்நோக்கில் திரைக்கதையின் அடிப்படைகளைத் தமிழ்த் தொடரமைப்பின் வழியே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அமைப்பு

திரைக்கதையின் அடிப்படை அலகு காட்சி. இடமோ காலமோ மாறினால் காட்சி மாறும். ஒவ்வொரு காட்சியும் ஒரு தலைப்புடன் தொடங்கும். அத்தலைப்பு உள்ளிடமா வெளியிடமா, எந்த இடம், எப்பொழுது என்னும் மூன்றையும் கூறும். அதனை அடுத்துச் செயல் வருணனையும் உரையாடலும் அமையும். இந்தியத் திரையுலகில் தாளை இரு பத்திகளாகப் பிரித்து இடப்பக்கம் காண்பதையும் வலப்பக்கம் கேட்பதையும் எழுதும் வழக்கமும் உண்டு. காணவும் கேட்கவும் இயலாத எதற்கும் தாளில் இடமில்லை என்பதை இப்பகுப்பு மாணவர்க்கு எளிதில் உணர்த்தும்.

கதைப்போக்கைப் பொறுத்தவரை, அமெரிக்கரான சிட் ஃபீல்டு 1979இல் வெளியிட்ட கையேட்டின் மூன்று பகுதி அமைப்பே பெரிதும் கற்பிக்கப்படுகிறது. அறிமுகம் கால் பங்கு, முரண் அரைப் பங்கு, தீர்வு கால் பங்கு என்பது அதன் அளவு. நாட்டிய சாத்திரம் கூறும் ஐந்து சந்திகளும், தமிழ் நாடக இலக்கணத்தில் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என வழங்கும் பகுப்பும் இதனோடு ஒப்பிடத்தக்கன. ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்னும் கணக்கு ஆங்கிலத் தட்டச்சு வடிவை ஒட்டி எழுந்தது. சொல்லின் நீளமும் எழுத்தின் அகலமும் வேறுபடும் இந்திய மொழிகளுக்கு அதனை அவ்வாறே பொருத்துதல் இயலாது.

3. அகத்தைப் புறமாக்கல்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டெனக் கூறுகிறது. உள்ளத்தில் நிகழ்வது புறத்தார்க்குப் புலனாகுமாறு வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பது பேராசிரியர் உரையின் கருத்து. மேலும் ஒவ்வொரு மெய்ப்பாடும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என நூல் வகுக்கிறது. சான்றாக, அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியன களன்களாம். உணர்ச்சியைப் பெயரிட்டுக் கூறாது, அது தோன்றும் களனையும் வெளிப்படும் குறியையும் தருதல் வேண்டும் என்னும் திரைக்கதை விதிக்கு இதனினும் பொருத்தமான தமிழ் விளக்கம் காண்பதரிது.

இதனை ஒரு சான்றால் விளக்கலாம். மாணவர் ஒருவர் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்:

"மூன்றாண்டு கழித்து ஊர் திரும்பிய முருகேசனுக்கு அந்த வீடு அந்நியமாகத் தோன்றியது. அம்மா இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்பாவின் மேலிருந்த கோபம் மறைந்து அவனுக்கு இரக்கம் உண்டாயிற்று."

சிறுகதைக்கு இது போதுமானது. ஆனால் இதில் படமாக்கத்தக்க செயல் ஒன்றேனும் இல்லை. இதனைத் திரைக்கதையாக்கினால் பின்வருமாறு அமையலாம்:

காட்சி 12. உள். முருகேசன் வீடு, சமையலறை. மாலை.

முருகேசன் பெட்டியைச் சுவரோரம் வைக்கிறான். தண்ணீர்க் குடத்தருகே செல்கிறான். மூடியின்மேல் கவிழ்த்திருக்கும் குவளையைப் பாராமலே எடுக்கிறான். மூடியை நகர்த்திக் குவளையைக் குடத்துள் விடுகிறான். குவளை அடியில் மோதும் ஓசை. கொல்லைப்புறத்திலிருந்து தந்தை வாளியுடன் வருகிறார். அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

தந்தை: இருப்பா. இப்பத்தான் கொழாயில தண்ணி விட்டிருக்கான்.

முருகேசன் வாளியை அவர் கையிலிருந்து வாங்குகிறான்.

முதல் வடிவத்தின் மூன்று தொடர்களிலும் 'முருகேசனுக்கு', 'அவனுக்கு' என உணர்வோன் நான்காம் வேற்றுமையில் நிற்றல் கருதத்தக்கது. இரண்டாம் வடிவில் அவன் எழுவாயாகி வினை செய்கிறான். கோபம் வருதல், பசித்தல், தெரிதல், பிடித்தல் போன்றவற்றில் உணர்வோனை நான்காம் வேற்றுமையில் நிறுத்துதல் தமிழுக்கே உரியதன்று. இந்தியில் 'கோ' உருபும், வங்காளத்தில் ஆறாம் வேற்றுமையும் இவ்விடத்தில் வரும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இக்கூறு, எழுதியதைத் தாமே திருத்த முற்படும் மாணவர்க்கு ஓர் உரைகல்லாகிறது. எனினும் இவ்வுரைகல் முற்றானதன்று. 'அவனுக்கு வியர்த்தது' என்பது படமாக்கத்தக்கது; 'அவன் நினைத்தான்' என்பதில் எழுவாய் இருந்தும் காண்பதற்கு எதுவுமில்லை. ஆகவே உருபைக் கண்டதும் நின்று ஆராய்தலே முறை. உருபைக் கொண்டு முடிவு செய்தல் முறையன்று.

4. வினைச்சொல்லின் பணி

திரைக்கதை நிகழ்காலத்தில் எழுதப்படுகிறது. தமிழில் வினைவடிவங்களின் நுண்வேறுபாடுகள் தனித்தனிப் படப்பதிவுகளுக்கு இணையாகின்றன. 'கதவு திறக்கிறது' என்பது நிகழ்ச்சி. 'கதவு திறந்திருக்கிறது' என்பது காட்சி தொடங்குமுன்பே ஏற்பட்ட நிலை. 'கதவு திறந்து கிடக்கிறது' என்பதோ கவனிப்பாரின்மையையும் உடன் உணர்த்துவது. அதனைப் படிக்கும் கலை இயக்குநர் வாசலில் குப்பையைச் சேர்க்கவும் கூடும். அவ்வாறே 'படிக்கிறாள்' என்பதற்கும் 'படித்துக்கொண்டிருக்கிறாள்' என்பதற்கும் இடையே, செயல் காட்சிக்குள் தொடங்குகிறதா, முன்பே தொடங்கிவிட்டதா என்னும் வேறுபாடு உண்டு.

வினையெச்சத் தொடர்கள் தமிழ் உரைநடைக்கு அழகு. திரைக்கதையில் அவற்றை எண்ணிப் பார்த்தே கையாளவேண்டும். 'பெட்டியை வைத்துவிட்டுக் குடத்தருகே சென்று குவளையை எடுத்துத் தண்ணீர் மொள்கிறான்' என்னும் தொடரில் செயல் நான்கு, முற்று ஒன்று. படிப்பவரின் கவனம் இறுதி வினையில் நிலைத்து ஏனையவற்றைக் கடந்துவிடும். பெட்டியை வைத்தல் தனியே காட்டப்படவேண்டுமாயின் அதற்குத் தனி முற்று தேவை. செயல்கள் இடையறாது ஓடவேண்டுமாயின் எச்சத்தொடரே ஏற்றது. காமிராக் கோணங்களைப் பட்டியலிடாமலே காட்சியின் வேகத்தை இயக்குநர்க்கு உணர்த்த இவ்வழி உதவும்.

5. எதிர்மறையும் ஒலியும்

மொழிக்கு எதிர்மறை உண்டு, காமிராவுக்கு இல்லை. 'அம்மா இல்லை' என்பதைப் படமெடுக்க முற்பட்டால் வெற்றிடமே கிட்டும். எனவே இன்மையைக் காட்ட முதலில் எதிர்பார்ப்பை உண்டாக்கவேண்டும். மேற்காட்டிய காட்சியில் குவளையைப் பாராமலே எடுக்கும் கை அப்பணியைச் செய்கிறது. அக்கை அறிந்திருந்த குடம் எப்போதும் நிறைந்தே இருந்தது. குவளை மோதும் ஓசை, அதனை நிறைத்துவைத்தவர் இல்லை என்கிறது.

சொல்லின் இடத்தை ஒலி எடுத்துக்கொள்வதற்குச் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) சிறந்த சான்றாகும். அப்படத்திற்கு முழுமையான திரைக்கதை எழுதப்படவில்லை. ராய் தீட்டிய கோட்டோவியங்களும் குறிப்புகளுமே வழிகாட்டின. வெளியூரிலிருந்து திரும்பும் ஹரிஹரன் மகள் துர்காவின் இறப்பை அறியும் காட்சியில் தாயின் அழுகுரல் கேட்பதில்லை. அதன் இடத்தில் தார்ஷெனாய் என்னும் இசைக்கருவியின் ஒலி எழுகிறது. இத்தகைய முடிவுகளைத் தாளில் குறிக்கக் கற்பதும் திரைக்கதைப் பயிற்சியின் பகுதியே.

6. உரையாடல்

தமிழ்த் திரைக்கதையின் ஒரே பக்கத்தில் இரட்டை வழக்கின் இரு கூறுகளும் இடம்பெறுகின்றன: வருணனை எழுத்து வழக்கு; உரையாடல் பேச்சு வழக்கு. 'பராசக்தி' (1952) காலத்தில் உரையாடலும் பெரிதும் எழுத்து வழக்கைத் தழுவி நின்றது. '16 வயதினிலே' (1977) போன்ற படங்களில் வட்டாரப் பேச்சு முதன்மை பெற்றது. உரையாடல் காட்சி தெரிவித்ததை மீண்டும் கூறலாகாது. மேற்காட்டிய சான்றில் தந்தை மனைவியைப் பற்றியோ தம் தனிமையைப் பற்றியோ பேசுவதில்லை. தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்.

மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வொரு வரியிலேயே இரு சிக்கல்கள் உள்ளன. மகனை விளிக்கும் 'இருப்பா' என்பதில் தந்தையைக் குறிக்கும் சொல்லே பரிவின் அடையாளமாகத் தேய்ந்து நிற்கிறது. 'விட்டிருக்கான்' என்பதன் எழுவாய் எவரென வெளிப்படையாக இல்லை. குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் அதிகாரம் முழுவதும் அவ்விகுதியில் அடங்கியுள்ளது. இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் பிறழும்.

7. மொழி கடந்த திரைக்கதை

பிரேம்சந்தின் சதுரங்க ஆட்டக்காரர் கதை இந்தி, உருது இரண்டிலும் வெளிவந்தது. அதனை ராய் 'சத்ரஞ்ச் கே கிலாரி' (1977) எனப் படமாக்கியபோது திரைக்கதையை ஆங்கிலத்தில் எழுதினார். உரையாடலை உருதுவில் அமைத்தவர்கள் ஷாமா ஜைதியும் ஜாவேத் சித்திகியும் ஆவர். 1856இல் அவத் நாடு ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்ட சூழலில் நிகழும் கதை இது. மூலக்கதையில் நண்பர் இருவரும் வாளால் ஒருவரையொருவர் வெட்டி மாள்கின்றனர். படத்தில் துப்பாக்கி வெடித்தும் இருவரும் பிழைத்து மீண்டும் ஆட அமர்கின்றனர். கதை திரைக்கதையாகும்போது நிகழ்ச்சியே மாறலாம் என்பதற்கும், செயல் வருணனை ஒரு மொழியிலும் உரையாடல் மற்றொன்றிலும் உருவாகலாம் என்பதற்கும் இப்படம் சான்று. வருணனையின் மொழி தாளோடு நின்றுவிடும். உரையாடலின் மொழியே அரங்கை அடையும். இரண்டையும் ஒரே முறையில் பெயர்ப்பது பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.

8. முடிவுரை

மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் போன்றோரின் திரைக்கதைகள் நூல்வடிவம் பெற்று இலக்கியமாகவும் வாசிக்கப்படுகின்றன. அத்தகைய வாசிப்புக்குத் தகுதியுடைய திரைக்கதையும் முதற்கண் ஒரு செயல்நூலே. உணர்வோனை வினைசெய்வோனாக்கல், முற்றுகளை எண்ணி எழுதுதல், இன்மைக்கு முன் எதிர்பார்ப்பை அமைத்தல், உரையாடலைக் காட்சிக்குத் துணையாக்கல் ஆகிய நான்கும் தொடக்கநிலை மாணவர் பழகவேண்டியவை. இவை நான்கும் இலக்கண அறிவின்மேல் நிற்பவை. எனவே திரைக்கதைப் பாடத்தை ஊடகத்துறைக்கே உரியதென ஒதுக்காது, மொழித்துறையும் மொழிபெயர்ப்புத் துறையும் தமக்குரியதாகக் கொள்ளுதல் தகும். சிறுகதைப் பத்தி ஒன்றைக் காட்சியாக்கி, அக்காட்சியை வேற்றுமொழியில் பெயர்க்கச் செய்யும் எளிய பயிற்சியிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.