எம்.ஆர்.ராதாவின் மேடையும் காவல்துறையின் கத்தரியும்

பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் சாதிய வன்கொடுமை குறித்து வீதி நாடகம் நடத்த விரும்பும் மாணவர்கள் முதலில் எதிர்கொள்வது, "கதை வசனத்தை எழுதிக் கொடுங்கள்" என்னும் கேள்வியைத்தான். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் நடுவே நிற்பவர் நடிகவேள் எம்.ஆர்.ராதா.

1907இல் பிறந்த ராதா, சிறுவனாகவே நாடகக் குழுவில் சேர்ந்தவர். 1937இல் 'ராஜசேகரன்' படத்தில் நடித்தார். சில படங்களுக்குப் பின் மேடைக்கே திரும்பினார். திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'இரத்தக்கண்ணீர்' நாடகம் 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானபோது, மேடையில் அவர் வளர்த்தெடுத்த குரலும் நக்கலும் திரைக்கு வந்தன. (தொழுநோயைத் தண்டனையாகக் காட்டும் அதன் கதைப்போக்கை இன்று ஏற்க இயலாது.) பின்னர் 'பாகப்பிரிவினை', 'பாவமன்னிப்பு', 'பலே பாண்டியா' எனத் திரைப்பயணம் நீண்டது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். விடுதலைக்குப் பின்னும் நடித்தார். 1979 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்த நாளில், திருச்சியில் மறைந்தார். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவையே.

திரைக்குத் தணிக்கை உண்டு. மேடை வசனமோ அன்றன்று மாறும். அன்றைய நாளிதழ்ச் செய்தியையே அன்றிரவு வசனமாக்கியவர் ராதா. அரசுக்கு அச்சம் தந்தது இதுவே. இராமாயணத்தை அவர் பகுத்தறிவுப் பார்வையில் மேடையேற்றியபோது எதிர்ப்பும் தடையும் கைதும் தொடர்ந்தன. தடை வந்தால் நாடகத்தின் பெயரை மாற்றி நடத்துவார். காலனிய அரசின் 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் இருக்கும்போதே, 1954இல் சென்னை மாநில காங்கிரஸ் அரசு தனியாக ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. அது ராதாவைக் குறிவைத்தது என்பதே நாடக உலகில் பரவலாக நிலவும் கருத்து. சட்டத்தின் வாசகத்தில் அவர் பெயர் இல்லை; இருக்கவும் இராது.

ராதா மறைந்தும் அச்சட்டம் மறையவில்லை. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில்தான், 2013 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை எனச் செல்லாதவையாக்கியது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தையோ அலகாபாத் உயர் நீதிமன்றம் 1956லேயே செல்லாது என்றது. அதன் பிறகு நாம் அறுபது ஆண்டுகளை நெருங்கிக் காத்திருந்தோம்.

சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. இன்று "சட்டம் ஒழுங்கு கெடும்" என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. இதற்கு விடை, நமக்கு உவப்பில்லாத ஒரு படத்தின் வழக்கில் இருக்கிறது. சாதிவழி இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கான தணிக்கைச் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, எஸ்.ரங்கராஜன் எதிர் ப.ஜெகஜீவன்ராம் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டளித்தது. போராட்டம், வன்முறை என்னும் மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கக் கூடாது; அதைக் காப்பது அரசின் கடமை என்றது தீர்ப்பு. அந்தப் படத்தைக் காத்த கோட்பாடு, சாதி ஆதிக்கத்தைச் சாடும் நாடகத்தையும் காக்கும்.

எனவே பிரதியைக் கேட்கும் அதிகாரியிடம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி கேட்கிறார் என்று எழுத்துவழிக் கேளுங்கள். மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள். வாய்மொழி மறுப்பை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம்.