கரிசல் வெயிலில் ஒரு கோழிக்கூடு

கோழிக்கு வியர்க்காது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் முட்டைக்காகக் கோழிக்கூடு கட்டப் போகிறவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். கூடு என்றதும் நமக்குக் கீரியும் திருடனும்தான் நினைவுக்கு வருவார்கள். சித்திரை, வைகாசி வெயில் அந்த இருவரையும் விடப் பெரிய எதிரி.

கோழியின் உடல்சூடு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. காற்றின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் இறக்கையை அகட்டி, அலகைத் திறந்து இளைக்கத் தொடங்கிவிடும். மூச்சோடு ஈரம் ஆவியாகிப் போனால்தான் அதன் உடல் குளிரும். ஆனால் அப்படி இளைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட் உருவாக இந்த வாயு வேண்டும். கோடையில் கைபட்டாலே நொறுங்குகிற முட்டைகளும், ஓடே இல்லாத தோல்முட்டைகளும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெயிலில் தீனியும் சரியாக எடுக்காது. எண்ணிக்கையும் குறையும், முட்டையும் சிறுக்கும்.

ஆகவே கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். காலை, மாலைச் சாய்வெயில் அப்போது குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். ஆறு கோழிகளுக்கு எட்டடி நீளம், நான்கடி அகலம் தாராளம். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும் என்பது பண்ணைக்காரர்கள் கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு அதை இரட்டிப்பாக்கிக் கொடுப்பதே நல்லது. கூரைக்குப் பனையோலையை மிஞ்சியது இல்லை. தகரம்தான் கிடைத்தது என்றால் மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பாவது அடித்துவிட வேண்டும். சுவர் ஒன்றரை அடி உயரம் போதும். அதற்கு மேலே நாலு பக்கமும் கம்பிவலை, காற்று தடையில்லாமல் போய்வர.

தூண்களுக்கு ஏன் காசு செலவழிக்க வேண்டும்? மாவட்டமே திட்டித் தீர்க்கும் சீமைக் கருவேலம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. கரிமூட்டம் போடுவதற்கு அப்பால் அது உதவுகிற இடம் இது. பட்டையை உரித்துவிடுங்கள், இல்லையென்றால் உண்ணி அதற்குள் குடியேறிவிடும். மண்ணுக்குள் போகிற அடிப்பகுதியைத் தீயில் கருக்கி நட்டால் சீக்கிரம் கரையான் ஏறாது.

தரை விஷயத்தில் கரிசல் மண்ணை நம்பக் கூடாது. கோடையில் வெடிப்பு விடும், ஐப்பசி மழையில் களியாகிவிடும். ஈரத்தில் நிற்கும் கோழிக்கு இரத்தக்கழிச்சல் வரும். சரளை மண் கொட்டி ஓரடி உயர்த்தி இறுக்கி, அதன்மேல் கடலைத்தொலியோ நெல்உமியோ பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் போதும். கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். கீரியையும் பாம்பையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் அதையே வாங்குங்கள்.

முட்டையிட ஓரடிக்கு ஓரடி அளவில், இருட்டான மூலையில், வைக்கோல் போட்ட இரண்டு பெட்டிகள் வேண்டும். கோழி அடைகிற குச்சி அந்தப் பெட்டிகளை விட உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் இரவில் பெட்டிக்குள்ளேயே தூங்கி எச்சமிட்டு வைக்கும்.

ஒரு முட்டை உருவாக 25 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கிறது. அதில் ஓடு படிவதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம். அதனால்தான் நேற்றை விட இன்று பிந்தி இட்டு, அது பிற்பகலுக்குத் தள்ளிப் போனதும் ஒருநாள் விட்டுவிடுகிறது. ஓட்டின் பெரும்பகுதி இரவில் படிகிறது. ஓர் ஓட்டுக்கு இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் கிடைக்காவிட்டால் தன் எலும்பைக் கரைத்தே கொடுக்கும். கிளிஞ்சலை நொறுக்கி மாலையில் வைப்பது இதற்காகத்தான். முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை.

வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டு. கோழியின் மூளை மண்டையோட்டின் வழியாகவே ஒளியை உணர்கிறது. நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் நன்றாக இடும். நம் பக்கம் பகல் எந்த மாதத்திலும் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. பண்ணைகளில் விளக்குப் போடுவது அதற்குத்தான். நாட்டுக்கோழிக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அது அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் கிடைக்கும். முட்டையே குறி என்றால் ஐதராபாத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா 200 வரை இடும், ஆனால் தீனியை அளந்து வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் சிறுவிடை நாட்டுக்கோழியில் நான்கும், கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழியில் இரண்டும் என்பேன். அந்த மொட்டைக் கழுத்து அழகில்லைதான். ஆனால் இறகு குறைவு என்பதால் உடல்சூடு எளிதில் வெளியேறும்.

தீனிக்குக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் இருக்கின்றன. புரதத்துக்குக் கரையான் பிடிக்கலாம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்து பார்த்தால் பானைக்குள் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

தண்ணீரில்தான் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும், வெயிலில் அது இரட்டிப்பாகும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீரை வைத்தால் குடிக்கத்தான் செய்யும். ஆனால் உப்பு நீர் முட்டை ஓட்டை மெலிய வைப்பதை ஆஸ்திரேலியாவில் 1980களிலேயே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். வீட்டார் குடிக்கிற தண்ணீரையே மண்சட்டியில் ஊற்றி, நிழலில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தடுப்பூசியை விட்டால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. குஞ்சு பிறந்த ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. அரசுக் கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் இலவசமாகப் போடும் வழக்கம் உண்டு. கோழி வாங்கும் முன்பே உங்கள் ஊர் மருந்தகத்தில் நாளும் நேரமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.